மேளத்தின் வெளிப்பக்கம் ஒரு பெயர்

கினுயே அக்கா வேலையில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எங்கள் சந்தில் யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தரை அதிரும். புதுத் தோலை மேளத்தின் மேல் போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி முறுக்கி இழுத்துவிட்டு, வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு அதன் மேலேயே ஏறி நின்று குதிப்பாள். மிதிபட்டுத் தோல் இளகினால்தான் இன்னும் ஒரு முறுக்கு இழுக்க முடியும். கீழே கயிறு முறுக்குகிற புருஷன் கமேஸோவை மேலே நின்றபடியே திட்டுவாள்.

"இழுய்யா! நேத்துக் குடிச்சது இன்னும் இறங்கலையா?"

"நீ முதல்ல நல்லாக் குதி. பூனை நடக்கிற மாதிரி நடந்துட்டு, பேச்சைப் பாரு."

என் பெயர் யோஷியே. என் கடை அவர்கள் பட்டறைக்கு நேர் எதிரே. சூடான இரும்புக்கல்லில் கோஸ் அடை போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. அவள் குதிக்கிற நாட்களில் என் குழம்புப் புட்டிகள் மேஜையில் தானாக நகரும்.

சுமிகாவா என்கிற எங்கள் பேட்டை ஒசாகாவின் தெற்கே ஒரு கால்வாயை ஒட்டி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மேளம் செய்கிற ஊர். மாட்டுத் தோலைத் தொடுகிறவர்கள் என்று சொல்லி எங்களை யாரும் தொடாமல் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சட்டத்தில் அது என்றைக்கோ முடிந்துவிட்டது. பெண் கேட்டு வரும்போதும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் மட்டும் முடியவில்லை. ரயிலில் வெளியாள் யாராவது கூட வந்தால், ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடந்து வருவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

மேளம் செய்கிற ஊரில் மேளச் சத்தம் கிடையாது என்றால் நம்புவீர்களா? தோல் போட்டு ஆணி அடித்து முடித்ததும் கினுயே குச்சியால் இரண்டு தட்டு தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். சரி என்றால் வண்டியில் ஏற்றிவிடுவாள். அவ்வளவுதான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயில் திருவிழாவில் எங்கள் ஆட்களைத் தேர் இழுக்க விட்டதே இல்லை. அந்தத் தேரில் அதிர்கிற மேளம் எங்கள் கையால் செய்ததுதான். செய்தவர் பெயர் மேளத்துக்குள்ளே இருக்கும். தோல் போர்த்துவதற்கு முன்னால் மரக்கூட்டின் உட்புறத்தில் பெயரையும் ஊரையும் தூரிகையால் எழுதி மூடிவிடுவார்கள். பிறகு எப்போதாவது தோல் கிழிந்து பிரித்தால், பிரிக்கிறவன் பார்ப்பான். அவனும் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருப்பான். வெளிப்பக்கம் மொத்த வியாபாரியின் முத்திரை.

நான் சொல்வது எண்பதுகளின் கடைசி. கினுயேவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. ஒரே பெண், மிட்சுயோ. ஆற்றுக்கு வடக்கே ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் கையுறை விற்கிற வேலைக்குப் போன இடத்தில், ஒகாபே செய்ஜி என்கிற பையனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவனிடம் மிட்சுயோ எல்லாவற்றையும் சொன்னாள். "அதுக்கென்ன?" என்று கேட்டானாம். ஆனால் அவன் அம்மாவிடம் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. கல்யாண விருந்தில் அந்த அம்மா, "சம்பந்திக்கு என்ன தொழில்?" என்று கேட்டபோது, கமேஸோ வியர்த்துப்போய், "மரவேலைங்க, அலமாரி பண்றோம்," என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கினுயே பிடித்துக்கொண்டாள்.

"அலமாரியா? உனக்கு ஒரு முக்காலி பண்ணத் தெரியுமாய்யா?"

"மரத்தைத்தானே குடையறேன். பொய்யில்லையே."

அன்றிலிருந்து எட்டு வருஷம் அவர்கள் அலமாரிக்காரர்கள். பேத்தி நாட்சுமியைப் பார்க்க வேண்டுமென்றால் கினுயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் மொட்டைமாடிக்குப் போவாள். அங்கே குழந்தைகள் ஏறிச் சுற்றுகிற குட்டி ரயில் உண்டு. கிளம்புகிற அன்று காலையில் என் கடைக்கு வந்து, வடிகட்டின தேயிலையை அள்ளிக் கையில் பரபரவென்று தேய்த்துக்கொள்வாள். "மோந்து பாரு, தோல் நாத்தம் வருதா?" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "தேயிலை வாசனைதான் வருது, போ," என்பேன். வேறு எதையும் நான் சொன்னதில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் ஒரு பெரிய மேளக் குழு நகர மண்டபத்துக்கு வந்தது. வெளிநாடெல்லாம் போய் அடித்துவிட்டு வந்த குழு. நடுமேடையில் அவர்கள் நிறுத்தியிருந்த ஆள் உயர மேளம் கினுயேவும் கமேஸோவும் செய்தது. வியாபாரி ஏதோ நல்ல மனநிலையில் டிக்கெட் கொடுத்திருந்தான். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடித்தார்கள். எப்படிச் சொல்வது? நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே யாரோ நின்று அடிப்பது மாதிரி இருந்தது. கினுயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் செய்த மேளத்தை ஒருவர் முழுசாக அடித்து அவள் அதுவரை கேட்டதே இல்லை.

"இவ்வளவு பேசுமாடி அது?" என்றாள் என் காதில்.

முடிந்ததும் குழுத் தலைவர் முன்னால் வந்து கும்பிட்டார். "இந்த மேளத்துக்காகத் தன்னைக் கொடுத்த அந்தப் பழைய மரத்துக்கு நன்றி. தன் தோலைக் கொடுத்த அந்த மாட்டுக்கு நன்றி," என்றார். மண்டபமே கை தட்டியது. கமேஸோவும் தட்டினார். கினுயே மட்டும் தட்டவில்லை.

ரயிலில் பாதி தூரம் வந்ததும் கினுயே திடீரென்று சத்தமாக ஆரம்பித்தாள்.

"மரத்துக்கு நன்றி சொன்னான். மாட்டுக்கு நன்றி சொன்னான். அந்த மாடு தானாப் போய் அந்த மரத்து மேல ஏறிப் படுத்துக்கிச்சா?"

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கமேஸோ சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் இதை என் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஷூஹேய் அடை தின்றுகொண்டிருந்தான். மாநகராட்சிக் குப்பை வண்டியில் வேலை பார்க்கிற எங்கள் சந்துப் பையன். இருபத்தைந்து வயதுக்குத் தோள் இரண்டு மடங்கு. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"பெரியம்மா, நாமளே அடிச்சா என்ன?"

"நாம பண்றவங்கடா. அடிக்கிறவங்க வேற."

"யார் சொன்னது?"

கினுயே யோசித்தாள். "யாரும் சொல்லல," என்றாள். அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நடக்கப்போகிறது என்று.

குழு அப்படித்தான் சேர்ந்தது. ஷூஹேய், செருப்புத் தைக்கிற அக்கா தங்கை இருவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற ஒருத்தி, கினுயே, நான். எனக்குக் கைமணியைக் கொடுத்தார்கள். மேளத்தைக் கொடுத்தால் அடையைத் திருப்பிப் போடுவது மாதிரி அடிக்கிறேனாம். எங்களுக்கென்று மேளம் செய்ய, பட்டறையில் இருந்த நல்ல தோலாகப் பார்த்து எடுத்தாள் கினுயே.

"ஏய், அது விக்கிற தோலு," என்றார் கமேஸோ.

"நமக்குன்னா மட்டும் பொத்தல் தோலா?"

 அவர் மரக்கூட்டை வழக்கத்தைவிட நன்றாக இழைத்துக் கொடுத்தார்.

எங்களுக்கு அடிக்கத் தெரியவில்லை. அது பெரிய கூத்து. அதிலும் கினுயே மோசம். இரண்டு அடி அடிப்பாள், நிறுத்துவாள், தலையைச் சாய்ப்பாள், "இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வா இருக்கு," என்று கயிற்றைத் தேடுவாள். "பெரியம்மா, சோதிக்காதீங்க, அடிங்க!" என்று ஷூஹேய் கத்துவான். வேறு ஊரிலிருந்து ஒரு மேளக்காரரை வரவழைத்து, கோடைகாலம் முழுக்க வேலை முடிந்த சாயங்காலங்களில் பொதுக் குளியலறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பழகினோம். குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் தலையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சாராயக் கடை கென்பாச்சி ஒருநாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் பேட்டையில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"கினுயே, கூரை மேல ஏறி நின்னு நாங்க யாருன்னு கூவணுமா? பேசாம இருந்தா இன்னும் ஒரு தலைமுறையில எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறக்கட்டுங்க. ஆனா மறக்கப் போறது அவங்க. அது வரைக்கும் ஒளிஞ்சு கிடக்கிறது நாம."

"உன் பொண்ணை நினைச்சுப் பேசு," என்றார் கென்பாச்சி.

கினுயே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி மேளத்தின் மேல் ஏறினாள். இலையுதிர் காலத்தில் வட்டாரப் பூங்காவில் நடக்கிற கலை விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டபோது, அந்தப் பேச்சு நேராக வந்து நின்றது. அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பெயர், ஊர், தொழில் மூன்றையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்றான் ஷூஹேய். "சொல்லாம அடிச்சா நாம இன்னொரு மேளக் குழு, அவ்வளவுதான்," என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். கினுயே தன் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து என்னிடம் அப்படியே சொன்னாள். நாட்சுமி குட்டி ரயிலில் சுற்றிச் சுற்றி வந்து கையாட்டிக்கொண்டிருந்தாளாம். அம்மாவும் பெண்ணும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு குழந்தைக்குக் கையாட்டியபடியே பேசியிருக்கிறார்கள்.

"மேடையில என் பேரையும் ஊரையும் சொல்லச் சொல்றாங்க, மிட்சு."

"அம்மா, எங்க அத்தை வருஷா வருஷம் அந்தப் பூங்காவுக்குச் செவ்வந்திக் கண்காட்சி பாக்க வருவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. மேளம் அடி, நான் வேண்டாங்கலை. பேரைச் சொல்லாதே. முகத்துல ஏதாவது கட்டிக்கோ."

"நான் என்ன திருடவா போறேன், முகத்தைக் கட்டிக்க?"

மிட்சுயோவின் கை ஆடுவது நின்றுவிட்டது. "உனக்கு ஒருநாள்தான்ம்மா மேடை. எனக்குத் தினமும் மேடை. எட்டு வருஷமா ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சு யோசிச்சுப் பேசறேன். டிவியில மேளம் வந்தா எழுந்து சமையலறைக்குப் போயிடறேன். அத்தை நல்லவங்கதான். அதனாலதான் பயமா இருக்கு. நல்லவங்க முகம் மாறினா என்னால பாக்க முடியாது."

கினுயே திரும்பி வந்து ஷூஹேயைக் கூப்பிட்டுச் சொன்னாள். "மேளம் பண்ணித் தரேன். மேடைக்கு வர மாட்டேன். என் பொண்ணு குடித்தனத்தைவிட இது பெருசில்லைடா."

அவன் கெஞ்சவில்லை. "சரி பெரியம்மா," என்றான். போகும்போது அவள் குச்சிகளைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளாமல், பட்டறைச் சுவரில் அவை மாட்டியிருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனான்.

மேளம் கிழிந்தது அக்டோபரில். எங்களுடையது இல்லை, ஆற்றுக்கு வடக்கே மிட்சுயோ வாழ்கிற பேட்டைக் கோயில் மேளம். ஊர்வலத்தில் குழந்தைகள் அடித்துக்கொண்டு போகிற மேளம் அது. நாட்சுமியும் அந்தக் குழுவில் இருந்தாள். கோயில் மாதர் குழுவின் பொறுப்பு முழுக்க மிட்சுயோவின் மாமியார் ஒகாபே அம்மாள் கையில். திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது ஒத்திகையில் தோல் நடுவில் பிளந்துபோனது. வியாபாரியைக் கேட்டால், சீசன் முடிந்துதான் முடியும் என்று கையை விரித்துவிட்டான். ஒகாபே அம்மாள் சமையலறையில் நின்று அங்கேயும் இங்கேயும் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். நாட்சுமி மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மிட்சுயோ அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"கை அரிசித் தண்ணியிலேயே இருந்துது சித்தி," என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "வாய் தானாப் பேசிடுச்சு."

அவள் சொன்னது இதுதான். "அத்தை, எங்கம்மா போட்டுக் கொடுப்பாங்க."

"உங்கம்மாவா? அலமாரி பண்றவங்க மேளத்தை என்ன பண்ணுவாங்க?"

"அவங்க அலமாரி பண்ணல. ஒருநாளும் பண்ணினதில்லை. சுமிகாவாவுல மேளம் பண்றாங்க. அவங்க அப்பாவும் அதான் பண்ணினாரு."

ஒகாபே அம்மாள் போனை வைத்தாள். தன் அறைக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. செய்ஜி கதவுக்கு வெளியே உட்கார்ந்து என்னென்னவோ பேசிப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. மிட்சுயோ தன் துணிமணிகளை எடுத்து வைக்கலாமா என்றுகூட யோசித்தாளாம்.

காலையில் கதவு திறந்தது. வெளியே போகிற கிமோனோ, இடுப்புப் பட்டி எல்லாம் கட்டி முடித்து நின்றாள் அந்த அம்மா.

"செய்ஜியை வண்டி எடுக்கச் சொல்லு. மேளத்தை ஏத்தணும்."

எங்கள் சந்தில் அந்த வண்டி வந்து நின்றபோது, கினுயே தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு மேளத்தின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள். வண்டிக் கதவு திறந்து முதலில் பெண் இறங்கினாள். அடுத்தது சம்பந்தி. கினுயேவுக்குக் கால் தடுமாறி, கமேஸோ தாங்கிப் பிடித்தார். பிடித்த கையோடு உள்ளே ஓடி, நல்ல சட்டை ஒன்றை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்தார்.

 ஒகாபே அம்மாள் தலை குனிந்து வணங்கிவிட்டு, "மேளம் கிழிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை திருவிழா," என்றாள். கினுயே மிட்சுயோவைப் பார்த்தாள். மிட்சுயோ தலையை மட்டும் அசைத்தாள். அவ்வளவில் கினுயேவின் கை தானாக மேளத்தின் மேல் போய்விட்டது. விளிம்பைத் தடவினாள், கிழிசலுக்குள் விரலை விட்டாள்.

"யாரு அடிச்ச ஆணி இது, கண்றாவி. வெயில் நல்லா இருக்கு. முடிச்சுடலாம்."

பட்டறையில் உட்கார இடம் கிடையாது. அதனால் எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். நான் டீ போட்டு வைத்தேன்.

அந்த டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா காலத்தில் வேலையாக எங்கள் ஊருக்கு வருகிற வெளியாட்கள் டீயைத் தொட மாட்டார்கள். "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். அம்மா ஆனாலும் ஊற்றி வைப்பாள், அவர்கள் போனதும் செடியில் கொட்டுவாள். ஒகாபே அம்மாளுக்கு முன்னால் கோப்பையை வைத்தேன். ஆவி பறந்தது. அந்த அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. கினுயே கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிட்சுயோ கண்ணை மூடிக்கொண்டாள். எதிர்ச்சாரியில் கென்பாச்சி தன் கடை வாசலில் விளக்குமாறோடு நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் எண்ணெய் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு செய்ஜி உள்ளே வந்தான். எங்கள் முகங்களையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன எல்லாரும் எங்கம்மா டீயையே பாக்கறீங்க? அவங்களுக்குப் பூனை நாக்கு. ஆறி அவலாப் போனாத்தான் குடிப்பாங்க."

"வந்த இடத்துல என் மானத்தை வாங்காதே," என்று சீறினாள் ஒகாபே அம்மாள்.

கினுயேவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கமேஸோ சிரித்தார். மிட்சுயோ மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. ஒகாபே அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பையை எடுத்தாள், ஊதினாள், மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"இன்னொண்ணு கிடைக்குமா? கொஞ்சம் முன்னாடியே ஊத்தி வச்சுடுங்க."

எதிர்ச்சாரியில் விளக்குமாறு மறுபடி பெருக்க ஆரம்பித்தது.

பிறகு அந்த அம்மா பேசினாள். "சிரிச்சது போதும் சம்பந்தியம்மா. எனக்குக் கோபம் இருக்கு. பேத்தி பிறந்தப்போ ஒரு சின்ன அலமாரி கேட்டேன். வேலை ஜாஸ்தின்னு சொல்லி அனுப்பினீங்க."

கமேஸோ தலையைச் சொறிந்தார். "ஜாஸ்திதாங்க. மேள சீசன்."

"அப்பவே சொல்லியிருந்தா, அத்தை..." என்று ஆரம்பித்தாள் மிட்சுயோ.

"சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். நேத்து ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சேன். வேண்டாம்னிருந்தா நீ வந்திருக்க மாட்டே. நாட்சுமி இருந்திருக்க மாட்டா. நான் பாட்டுக்குத் தனியா உக்காந்து, நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நினைச்சுட்டிருப்பேன். அதான் விடிஞ்சதும் வண்டி எடுக்கச் சொன்னேன்."

 கினுயே, "அடை சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். "இறால் போட்டா சாப்பிடுவேன்," என்றாள் ஒகாபே அம்மாள். நான் நிறையப் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனோம். ஆணிகளைப் பிடுங்கிக் கிழிந்த தோலை எடுத்ததும், மரக்கூட்டின் உட்புறத்தில் மங்கின மையில் ஒரு பெயர் தெரிந்தது. என்றோ செத்துப்போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெயர். அதன் கீழே, சுமிகாவா. ஒகாபே அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த மேளத்தைத்தான் கேக்கறேன்," என்றாள். "இத்தனை வருஷமா உங்க ஊர் எங்க கோயிலுக்குள்ளதான் இருந்திருக்கு."

கினுயே அப்போதுதான் கேட்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் சம்பந்தியம்மா. என் பேரையும் ஊரையும் வெளிப்பக்கம் எழுதணும்."

"கோயில் கமிட்டி ஆம்பளைங்க முணுமுணுப்பாங்களே."

"உங்களுக்குத் தொல்லைன்னா உள்ளேயே எழுதி மூடிடறேன். வழக்கம்தான்."

ஒகாபே அம்மாள் மேளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "சின்னதா எழுதுங்க," என்றாள். இன்னொரு சுற்று வந்தாள். "ரொம்பச் சின்னதா வேண்டாம். எனக்குக் கண்ணு தெரியாது."

முணுமுணுக்கத்தான் செய்தார்கள். கமிட்டியில் ஒருவர் அந்த மேளத்துக்குப் பக்கத்தில் நடக்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருஷமும் அவர் வரவில்லை என்று கேள்வி. மற்றவர்கள் ஒகாபே அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கினுயேவும் கமேஸோவும் தெருவோரம் நின்று பார்த்தார்கள், மிட்சுயோ நடுவில். நாட்சுமி அடித்துக்கொண்டு போனாள். அவள் குச்சி இறங்குகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே, கறுப்பு மையில், சுமிகாவா, கினுயே என்று இருந்தது.

அன்று மாலை கினுயே சுவரிலிருந்து தன் குச்சிகளை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் வந்தாள். ஷூஹேய் நகர்ந்து இடம் விட்டான்.

பூங்காவில் செவ்வந்தி நிறையப் பூத்திருந்தது. கூட்டம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஒகாபே அம்மாள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில் போட்டுக்கொண்டு, மறைக்கிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாள். கினுயே ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"நான் கினுயே," என்றாள். "சுமிகாவாவுல மேளம் பண்றேன். இந்த மேளத்துக்குத் தோல் போட்டது நான். கூட்டைக் குடைஞ்சது என் வீட்டுக்காரர். எங்க ஊர்ல எல்லாரும் இதான் பண்றோம். இது வரைக்கும் சொன்னதில்லை. இப்ப சொல்றேன்."

 பின்வரிசையில் ஒரு அம்மா தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். யாரோ தொடங்கி வைக்க, கைதட்டல் பரவியது. தூரத்தில் மரத்தடியில் கென்பாச்சி நின்றிருந்தார். தட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அடித்தாள். பெரிய மேளத்தை அப்படித்தான் அடிக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தோல் சுரண்டி உரமேறிய முதுகு. கைமணியைத் தவறான இடத்தில் ஆட்டிவிட்டேன். யாருக்கும் கேட்டிருக்காது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. மற்றப் பட்டறைகளும் ஒன்றொன்றாகப் பெயரை வெளியே எழுத ஆரம்பித்தன. வியாபாரிகள் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்கள் எங்களைக் கூப்பிட்டன. எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு நின்றுபோய் அழுகிற பெண் இன்றைக்கும் சில சமயம் என் கடையில் வந்து உட்காருவாள். ஆனால் அவள் தனியாக உட்காருவதில்லை. பேசுவதற்கு நாலு பேர் இருக்கிறோம். அடிப்பதற்கு மேளமும் இருக்கிறது.

கலை விழாவுக்கு மறுநாள் காலை பட்டறைக் கதவு திறக்கவில்லை. வெயில் ஏறியும் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. போய்ப் பார்க்கலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கமேஸோ வழக்கமில்லாத வழக்கமாகத் தனியாக வந்து உட்கார்ந்தார்.

"அக்கா எங்கே? உடம்பு சரியில்லையா?"

"தூங்கறா."

"இந்நேரத்துக்கா?"

"நான் கட்டினதுலேர்ந்து அவ விடிஞ்சப்புறம் தூங்கி நான் பார்த்ததில்லை," என்றார் அவர். "குறட்டை வேற. கல்லைக் கொஞ்சம் மெதுவாத் தட்டு யோஷியே. மத்தியானம் வரைக்கும் தூங்கட்டும்."

நான் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே மாவைப் பரப்பினேன்.